டங்கனிக்கா ஏரியில் பிடிபட்ட கிங்கானி: 45 நாளில் கொடி மாறிப் போரிட்ட பீரங்கிப் படகு

நங்கூரம் (இழையைத் தொடங்கியவர்):

முதல் உலகப் போரின் கடற்சண்டை என்றால் ஜட்லாண்டும் எம்டனும்தான் நமக்குச் சட்டென்று நினைவுக்கு வரும். கடலே கண்ணில் படாத நடு ஆப்பிரிக்காவில், ஒரு நன்னீர் ஏரியிலும் அதே போர் நடந்தது. அங்கே ஜெர்மன் கொடியோடு திரிந்த ஒரு சின்னப் பீரங்கிப் படகை ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஓட்டையை அடைத்தார்கள், பெயரை மாற்றினார்கள், 45 நாள் கழித்து அதை வைத்தே அதன் பழைய கூட்டாளிக் கப்பலை மூழ்கடித்தார்கள். அந்தப் படகைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

படகின் பெயர் கிங்கானி. இன்றைய டான்சானியாவில் பகமோயோவுக்குப் பக்கத்தில் கடலில் கலக்கும் ஓர் ஆற்றின் பெயர் அது. இப்போது அந்த ஆற்றை ரூவு என்கிறார்கள். படகின் நீளம் ஏறக்குறைய 17 மீட்டர், நீராவியில் ஓடுவது. டார் எஸ் சலாமில் இருந்ததை, போர் வந்ததும் ரயிலில் ஏற்றி டங்கனிக்கா ஏரிக்கரையில் உள்ள கிகோமாவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ரயில்பாதை 1,250 கிலோமீட்டர் நீளம். 1914 தொடக்கத்தில்தான் அது ஏரியைத் தொட்டிருந்தது.

ஏரியின் கிழக்குக்கரை முழுக்க ஜெர்மானியர் வசம், மேற்குக்கரை பெல்ஜியக் காங்கோ, தெற்கு முனை ஆங்கிலேயருடையது. ஏரிக்கு 670 கிலோமீட்டருக்கு மேல் நீளம், அகலம் சராசரியாக 50. கரையோரம் எங்கும் மலை, சாலை கிடையாது. ஏரியில் கப்பல் வைத்திருப்பவர் நினைத்த இடத்தில் படையை இறக்கலாம். மற்றவர்கள் வாரக்கணக்கில் நடக்க வேண்டும். ஆகஸ்ட் 1914-லேயே ஹெட்விக் ஃபான் விஸ்மான் என்ற ஜெர்மன் கப்பல், பெல்ஜியரின் அலெக்சாந்தர் டெல்கொம்யூன் என்ற கப்பலைச் சுட்டு முடக்கிவிட்டது. அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் ஏரி ஜெர்மானியர் கையில்தான் இருந்தது.

இந்தக் கதையை எழுதுகிற பலர் ஆங்கிலத் தளபதியின் விசித்திரங்களைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். நான் பார்த்தவரையில் இரண்டு சண்டைகளையும் தீர்த்துவைத்தது பீரங்கிதான். எந்தப் படகில் எந்தப் பீரங்கி, அது எந்தப் பக்கம் திரும்பும், சுட்டால் படகு தாங்குமா, அவ்வளவுதான் கேள்வி. அந்தக் கோணத்தில் பேசுவோம்.

கல்யாணி_மதுரை:

நல்ல இழை சார். ஒரு அடிப்படைக் கேள்வி. ஜெர்மானியருக்கு ரயில் இருந்தது, கொண்டுவந்தார்கள். ஆங்கிலேயர் எந்த வழியாகப் படகு கொண்டுபோனார்கள்? காங்கோ ஆறு அருவிகள் நிறைந்தது, தெற்கே மலை. வகுப்பில் ஆப்பிரிக்க வரைபடம் காட்டும்போது மாணவர்கள் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

நங்கூரம்:

கல்யாணி மேடம், சண்டையைவிடப் பெரிய கதை அதுதான்.

யானை வேட்டைக்காரர் ஜான் லீ என்பவர் 1915 ஏப்ரலில் லண்டனுக்குப் போய் கடற்படைத் தலைமையிடம் ஒரு யோசனை சொன்னார். வேகமான சின்ன மோட்டார் படகுகளைத் தென்னாப்பிரிக்காவில் இறக்கி, ரயிலிலும் காட்டு வழியிலும் ஏரிக்குக் கொண்டுபோகலாம் என்பது அவர் திட்டம். அட்மிரல் சர் ஹென்றி ஜாக்சன் ஒப்புக்கொண்டார். கப்பல் மிதக்கத் தண்ணீர் எங்கே இருந்தாலும் அங்கே எதிரியோடு மோதுவது கடற்படையின் கடமை என்று அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது.

தார்னிகிராஃப்ட் நிறுவனம் கட்டிய 40 அடி நீளமுள்ள இரண்டு மகோகனிப் படகுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இரட்டைப் பெட்ரோல் எஞ்சின், 19 நாட் வேகம், அதாவது மணிக்குச் சுமார் 35 கிலோமீட்டர். பெயர் மிமி, டூடூ. தளபதி ஜெஃப்ரி ஸ்பைசர்-சிம்சன் முதலில் சொன்ன பெயர்கள் பூனை, நாய். மேலிடம் மறுத்துவிட்டதால் பிரெஞ்சுக்காரர்கள் செல்லமாகச் சொல்லும் மியாவ், வள்வள் பாணிப் பெயர்களைக் கொடுத்தார்.

1915 ஜூன் 15 அன்று டில்பரி துறைமுகத்தில் கப்பலேற்றினார்கள். 17 நாளில் கேப் டவுன். அங்கிருந்து ரயிலில் எலிசபெத்வில், அதாவது இன்றைய லுபும்பாஷி. பிறகு ஃபுங்குருமே வரை ரயில், அதோடு தண்டவாளம் முடிந்தது. அடுத்து மிடும்பா மலைத்தொடர். சுமார் 230 கிலோமீட்டருக்குப் புதிதாகப் பாதை வெட்டி, நூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள் போட்டு, இரண்டு நீராவி இழுவை எந்திரங்களும் எருதுகளும் சேர்ந்து படகுகளை இழுத்தன. மேட்டின் உச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,950 மீட்டர். செப்டம்பர் கடைசியில் சங்கிசியா. மறுபடி குட்டி ரயில், புகாமாவில் லுவாலாபா ஆறு. அது கோடைத் தண்ணீர், மணல்திட்டுகளில் படகு தட்டித் தட்டி நின்றது. கபாலோவிலிருந்து கடைசி ரயில். அக்டோபர் கடைசியில் லுகுகா, அதாவது இன்றைய கலேமி. லண்டனிலிருந்து கணக்குப் பார்த்தால் 16,000 கிலோமீட்டர் அளவுக்கு வரும்.

எஞ்சின்_அறை:

கப்பல் எஞ்சினோடு வாழ்க்கையைக் கழித்தவன் என்பதால் சொல்கிறேன் தம்பி. அந்த நீராவி இழுவை எந்திரம் இரண்டு தீனி கேட்கும், ஒன்று விறகு, இன்னொன்று தண்ணீர். விறகு காட்டில் கிடைக்கும். தண்ணீர்தான் சிக்கல். மழை இல்லாத பருவத்தில் ஏறியிருக்கிறார்கள். கொதிகலனில் தண்ணீர் மட்டம் இறங்கிவிட்டால் உள்ளே இருக்கும் நெருப்புப் பெட்டியின் கூரைத் தகடு வெளியே தெரிய ஆரம்பிக்கும். தகடு பழுத்துத் தளர்ந்தால் எந்திரமே வெடிக்கும். அதனால் தண்ணீர் இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. அந்த மலையில் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

நங்கூரம்:

பெண்கள் தலையில் வந்தது ஐயா. சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து பெண்களைக் கூலிக்கு அமர்த்தி, பானைகளிலும் சுரைக்குடுவைகளிலும் மைல்கணக்கில் சுமந்துவரச் செய்தார்கள். எந்திரம் குடித்தது போக மிச்சம்தான் ஆட்களுக்கு. தாகத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கே அளந்துதான் ஊற்றினார்களாம்.

தேரிமணல்:

இதைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. இந்தப் பயணத்தைப் பற்றிய கட்டுரைகளில் 28 ஆங்கிலேயர் சாதனை என்று எழுதுவார்கள், ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு குணச்சித்திரம். பாதை வெட்டியவர்களும் பாலத்துக்கு மரம் சாய்த்தவர்களும் தண்ணீர் சுமந்தவர்களும் "உள்ளூர்க் கூலிகள்" என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடுவார்கள். கிழக்கு ஆப்பிரிக்கப் போர் முழுவதிலும் சுமை தூக்கியவர்கள்தான் அதிகமாகச் செத்தார்கள். சுடப்பட்டுச் செத்தவர்கள் கொஞ்சம், நோயிலும் பட்டினியிலும் போனவர்கள் ரொம்ப அதிகம். ஒரு படகின் சேவை வரலாறு எழுதும்போது அதைச் சுமந்த கைகளும் அதில் வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

நங்கூரம்:

முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன் தேரிமணல். ஏரியில் நடந்த சண்டைகளிலும் இதே கதைதான். ஜெர்மன் கப்பல்களில் விறகு போட்டதும் சுக்கான் பிடித்ததும் பெரும்பாலும் ஆப்பிரிக்கர்களே. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வடகரை:

எல்லாம் சரி, ஆனால் அடிப்படையில் இது ஒரு கோமாளித்தனம்தானே நண்பரே? தளபதி பாவாடை கட்டிக்கொண்டு திரிந்தவர், உடம்பெல்லாம் பச்சை குத்திக்கொண்டவர். ஏற்கெனவே அவர் பொறுப்பிலிருந்த நைஜர் என்ற கப்பல் 1914 நவம்பரில் டீல் கரைக்கு எதிரே நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கியபோது, மனுஷன் கரையில் மனைவியோடு ஓட்டலில் இருந்தார். இப்படிப்பட்டவரை நம்பி அனுப்பியதே, வேறு ஆள் கிடைக்காததால்தான். ஏரியில் நாலு தோணி மோதிக்கொண்டதைப் போர் என்று சொல்வது கொஞ்சம் மிகை.

நங்கூரம்:

வடகரை, நைஜர் விஷயம் உண்மை. பாவாடையும் உண்மைதான், அவரே தைக்கச் சொல்லி அணிந்துகொண்டார். ஆனால் போர் மிகை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 50 கிலோமீட்டர் அகல ஏரியில் 17 மீட்டர் படகு ஒன்று இருந்தால் பெல்ஜியர் ஒரு பட்டாளத்தைக்கூட அக்கரைக்கு அனுப்ப முடியாது. பாரம் ஏற்றிய தோணிகளை ஒரே பீரங்கி வரிசையாக மூழ்கடித்துவிடும். அதுதான் ஒரு வருஷமாக நடந்தது. அளவு சின்னது, விளைவு பெரிது.

இனி கிங்கானி பிடிபட்ட நாளுக்கு வருகிறேன்.

மிமியும் டூடூவும் டிசம்பர் 22, 23 தேதிகளில் தண்ணீரில் இறங்கின. முன்பக்கம் மூன்று பவுண்டர், அதாவது மூன்று பவுண்டு எடைக் குண்டைச் சுடும் ஹாட்ச்கிஸ் பீரங்கி, பின்னால் மாக்சிம் எந்திரத் துப்பாக்கி. அந்த மெல்லிய மரப் படகில் பீரங்கியை நேர் முன்னே வைத்துத்தான் சுட முடியும். பக்கவாட்டில் திருப்பிச் சுட்டால் பலகையே பெயர்ந்துவிடும். அதனால் எதிரியை நோக்கிப் பாய்ந்துகொண்டேதான் சுட வேண்டும்.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை வழிபாடு நடந்துகொண்டிருந்தபோது கிங்கானி வருவதாகச் செய்தி. லுகுகாவில் பெல்ஜியர் என்ன கட்டுகிறார்கள் என்று உளவு பார்க்க வந்திருந்தது. கேப்டன் பெயர் யுங்கே. கிங்கானியில் ஒரு ஆறு பவுண்டர் பீரங்கி. அதுவும் முன்பக்கம் மட்டுமே சுடும்.

ஸ்பைசர்-சிம்சன் இங்கே சரியான முடிவெடுத்தார். கிங்கானியைத் துறைமுகத்தைத் தாண்டிப் போகவிட்டார். அது கடந்த பிறகு இரண்டு படகுகளும் வெளியே வந்து பின்னாலிருந்து துரத்தின. யுங்கே திரும்பிப் பார்த்தபோது தெரிந்தது ஆங்கிலக் கடற்படையின் வெள்ளை நிறப் போர்க்கொடி. அந்த ஏரியில் அப்படி ஒரு கொடி இருக்கவே முடியாது. அவருடைய பீரங்கி முன்னே, எதிரி பின்னே. திருப்பிச் சுட வேண்டுமானால் படகையே திருப்ப வேண்டும். திருப்பினால் வேகம் போய்விடும்.

சண்டை 11 நிமிஷம். ஒரு குண்டு பீரங்கிக் கவசத்தைத் துளைத்து யுங்கேயையும் இரண்டு அதிகாரிகளையும் கொன்றது. தலைமைப் பொறியாளர் கொடியை இறக்கினார். கரைக்குக் கொண்டுவரும்போதே படகு மூழ்க ஆரம்பித்துவிட்டது. இடப்பக்கம் பெரிய ஓட்டை. எப்படியோ கரையில் ஏற்றிவிட்டார்கள். இறந்த ஜெர்மானியரை இராணுவ மரியாதையோடு புதைத்தார்கள்.

எஞ்சின்_அறை:

அருமையாகச் சொன்னீர்கள் தம்பி. பின்னாலிருந்து துரத்துவது என்பது கடலில் எப்போதுமே பலன் தரும், ஆனால் துரத்துபவனுக்கு வேகம் வேண்டும். 19 நாட் ஓடும் படகுக்கு முன்னால் ஒரு பழைய நீராவிப் படகு எவ்வளவு தூரம் போய்விட முடியும்? இன்னொன்று, கொதிகலன் வைத்த படகில் அவசரத்துக்கு வேகம் கூட்ட முடியாது. நெருப்பு ஏற வேண்டும், அழுத்தம் ஏற வேண்டும், நிதானமாகத்தான் வரும். பெட்ரோல் எஞ்சின் முறுக்கினால் பாயும். அந்த 11 நிமிஷத்தில் யுங்கேயின் ஆட்கள் விறகை அள்ளி அள்ளிப் போட்டாலும் பலன் வந்திருக்காது.

கல்யாணி_மதுரை:

ஜெர்மானியருக்கு இந்த ஆங்கிலப் படகுகள் வருவது தெரியவே தெரியாதா சார்? காடு வெட்டி மாசக்கணக்கில் கொண்டுவந்ததை ஊரே பார்த்திருக்குமே.

நங்கூரம்:

லுகுகாவில் ஏதோ நடக்கிறது என்று சந்தேகம் இருந்தது. ஜெர்மன் கப்பல்படையின் தலைவர் கிகோமாவில் இருந்த குஸ்டாஃப் ஸிம்மர். மோவெ என்ற கடல் அளவைக் கப்பலின் கேப்டன் அவர். 1914 ஆகஸ்டில் அதைத் தானே மூழ்கடித்துவிட்டு ஆட்களோடு ஏரிக்கு வந்தவர். பெல்ஜியர் பரோன் தானிஸ் என்ற பெரிய கப்பலைக் கட்டி முடிக்கப்போகிறார்கள் என்பதுதான் அவருடைய கவலை. அதைப் பார்த்துவர யோப் ரோசந்தால் என்ற அதிகாரியை அனுப்பினார். ரோசந்தால் டிசம்பர் முதல் வாரத்தில் இரவில் நீந்திப் போய், கரையில் நடக்கும் வேலையைக் கண்ணால் பார்த்துவிட்டார். விடியும்போது அவரை ஏற்றிப்போக வந்த கப்பல் காணவில்லை. பெல்ஜியரிடம் சிக்கிக்கொண்டார்.

சிறையிலிருந்து ஸிம்மருக்கு ஒரு கடிதம் எழுதினார். கண்ணுக்குத் தெரியும்படி சாதாரண விஷயங்கள், அதோடு சிறுநீரால் எழுதிய ரகசியச் செய்தி. சூடு காட்டினால் எழுத்து தெரியும். ஸிம்மருக்கு அதைச் சூடு காட்டிப் பார்க்கத் தோன்றிய நேரத்தில் பல மாசம் கடந்துவிட்டது. கிங்கானி திரும்பி வராதபோது, பெல்ஜியரின் கரைப் பீரங்கி அதைச் சுட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

தேரிமணல்:

அந்தக் கடிதம் காகிதமாக ஸிம்மர் மேஜையில் கிடந்திருக்கும், தினம் கண்ணில் பட்டிருக்கும். ரோசந்தால் சிறையில் உட்கார்ந்து நாளை எண்ணியிருப்பார். என்ன வேதனை.

நங்கூரம்:

இப்போது கிங்கானியின் இரண்டாவது வாழ்க்கை. ஓட்டையைத் தகடு வைத்து அடைத்து, பழுது பார்த்து, கடற்படைப் பட்டியலில் சேர்த்து, ஹெச்எம்எஸ் ஃபிஃபி என்று பெயர் வைத்தார்கள். முதல் உலகப் போரில் ஆங்கிலக் கடற்படை பிடித்துத் தன் சேவையில் சேர்த்த முதல் ஜெர்மன் போர்க்கப்பல் என்று இதைச் சொல்வார்கள். கரையில் பெல்ஜியர் வைத்திருந்த 12 பவுண்டர் பீரங்கி ஒன்றைக் கழற்றி வந்து அதன் அணியத்தில், அதாவது முன்முனையில், ஏற்றினார்கள். பழைய ஆறு பவுண்டர் பின்பக்கம் போனது. முன்னே மட்டும் சுட முடிந்த படகு இப்போது பின்னேயும் சுடும். யுங்கே செத்ததற்கு எது காரணமோ அதைத்தான் முதலில் சரிசெய்திருக்கிறார்கள்.

ஆனால் 12 பவுண்டர் அந்த உடம்புக்கு ரொம்பப் பெரிசு.

எஞ்சின்_அறை:

தம்பி, இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள், விளக்கிவிடுகிறேன். பீரங்கிக் குண்டு முன்னே போகும் விசை எவ்வளவோ அவ்வளவு விசை பின்னேயும் தள்ளும். பெரிய கப்பலில் அந்தத் தள்ளலைக் கப்பலின் எடை விழுங்கிவிடும், ஒரு அதிர்வோடு போய்விடும். 17 மீட்டர் படகில் எடை கம்மி. பீரங்கி அணியத்தில் நேர் முன்னே பார்க்கிறது, படகும் நேர் முன்னே ஓடுகிறது. சுட்டதும் உதை ஓட்டத்துக்கு நேர் எதிராக விழும். தளத்துக்கு அடியில் தூண்கள் வைத்து முட்டுக்கொடுத்திருந்தால் தளம் தப்பும், வேகம் தப்பாது.

நங்கூரம்:

ஐயா சொன்னது அப்படியே நடந்தது. 1916 பிப்ரவரி 9. ஹெட்விக் ஃபான் விஸ்மான் கிங்கானியைத் தேடி வருகிறது. கேப்டன் ஓடெபிரெக்ட். மிமி படகு வெயின்ரைட் என்ற லெப்டினன்டின் கையில், ஃபிஃபியில் ஸ்பைசர்-சிம்சன். இரண்டும் புறப்பட்டன. அதாவது ஹெட்விக் எந்தப் படகைத் தேடி வந்ததோ அதே படகுதான் எதிரே வந்துகொண்டிருந்தது, வேறு கொடியோடு.

ஃபிஃபி முதல் குண்டைச் சுட்டதும் படகே நின்றுபோனது. ஓடெபிரெக்ட் அந்த இடைவெளியில் விலகி ஓடினார். மிமி ஃபிஃபியைத் தாண்டிப் பாய்ந்து துரத்தியது. அதன் மூன்று பவுண்டர் குண்டுகள் இலக்கில் விழவில்லை. ஆனால் ஹெட்விக்கின் பின்பக்கச் சின்னப் பீரங்கிக்கு அவ்வளவு தூரம் எட்டாது. பெரிய பீரங்கிகள் அணியத்தில் இருந்தன. மிமியைச் சுட வேண்டுமானால் ஹெட்விக் திரும்ப வேண்டும். திரும்பினால் பின்னால் ஃபிஃபி நெருங்கும். மறுபடி அதே சிக்கல்தான். கொஞ்ச நேரம் இரண்டும் வட்டமடித்தன, ஃபிஃபி கிட்டே வந்துவிட்டது.

அப்போது ஃபிஃபியில் மூன்றே குண்டுகள் மிச்சம். அதில் ஒன்று பீரங்கிக்குள் சிக்கிக்கொண்டது.

எஞ்சின்_அறை:

வெடிக்காமல் குழலுக்குள் சிக்கிய குண்டு. அதை எடுக்கும் ஆட்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். மருந்து தாமதமாகப் பற்றிக்கொள்ளலாம். அடைப்பைத் திறந்ததும் வெடித்தால் பக்கத்தில் நிற்கும் அத்தனை பேரும் போய்விடுவார்கள். அதனால் கொஞ்ச நேரம் காத்திருந்துதான் திறப்பார்கள். அதற்குள் எதிரி ஓடிக்கொண்டிருப்பான்.

நங்கூரம்:

20 நிமிஷம் ஆனது ஐயா. ஹெட்விக் விலகி, உதவிக்குப் பெரிய கப்பல் கிராஃப் ஃபான் கோட்சன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓடியது. பிறகு ஃபிஃபி கடைசிக்கு முந்தின குண்டைச் சுட்டது. அது ஹெட்விக்கின் உடலைத் துளைத்துக் கொதிகலனை வெடிக்க வைத்தது. ஐந்து ஆப்பிரிக்கர்களும் இரண்டு ஜெர்மானியரும் இறந்தார்கள். ஓடெபிரெக்ட் கப்பலைக் கைவிட உத்தரவிட்டு, வெடி வைத்து மூழ்கடித்தார். தப்பியவர்களை ஆங்கிலேயர் தூக்கிக்கொண்டார்கள். அதோடு ஒரு பெரிய ஜெர்மன் கடற்படைக் கொடியும் கிடைத்தது. போரில் கைப்பற்றப்பட்ட அத்தகைய முதல் கொடி அது.

தேரிமணல் சொன்னதை இங்கே ஒருமுறை பாருங்கள். கொதிகலன் அறையில் இருந்தது யார்? ஏழு பேர் இறந்ததில் ஐந்து பேர் விறகு அள்ளிய கைகள். யுங்கேக்கும் ஓடெபிரெக்டுக்கும் வரலாற்றில் பெயர் இருக்கிறது. அந்த ஐந்து பேரும் கப்பலின் ஆள் எண்ணிக்கையில் மட்டும்தான் வருகிறார்கள்.

தேரிமணல்:

நன்றி. இதை எழுதியதற்கு.

வடகரை:

இந்த இடம் வரை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அடுத்த நாள் என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். கோட்சன் ஏரியில் வந்து நின்றது. ஸ்பைசர்-சிம்சன் போகவில்லை. அவர் ஆட்களே அவமானப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. நீங்கள் போற்றும் இரண்டு வெற்றிகளுக்குப் பின்னால் ஒரு பெரிய பயம் இருக்கிறது.

நங்கூரம்:

போகாதது உண்மை. பயம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. கோட்சன் 70 மீட்டருக்கு மேல் நீளம், ஜெர்மனியின் பாபன்பர்கில் மாயர் கட்டுமானத்தளத்தில் கட்டி, துண்டு துண்டாகப் பிரித்து 5,000 பெட்டிகளில் அனுப்பி, கிகோமாவில் திரும்ப ஒட்டிய கப்பல். ரூஃபிஜி ஆற்றில் 1915 ஜூலையில் மூழ்கடிக்கப்பட்ட கோனிக்ஸ்பெர்க் கப்பலிலிருந்து கொண்டுவந்த 105 மில்லிமீட்டர் பீரங்கி அதில் இருந்தது. எம்டனும் கோனிக்ஸ்பெர்கும் ஒரே இந்தியப் பெருங்கடலில் வேட்டையாடிய இரட்டையர் மாதிரிதான். எம்டன் 1914 செப்டம்பர் 22-ல் சென்னையைச் சுட்டது. கோனிக்ஸ்பெர்கோ ஆற்றுக்குள் முடங்கி, அதன் பீரங்கிகள் ஆப்பிரிக்காவெங்கும் நிலத்தில் ஓடித்திரிந்தன.

அப்படிப்பட்ட பீரங்கியின் ஒரே குண்டு ஃபிஃபியைக் காகிதம் மாதிரி கிழித்துவிடும். ஃபிஃபி நெருங்கி வந்து சுட வேண்டும், அதன் குண்டுக் கையிருப்போ முந்தின நாளே தீர்ந்துவிட்டது. என் கணக்கில் அன்று போகாமல் இருந்தது சரியான முடிவு. அவர் போய் லியோபோல்ட்வில்லிலிருந்து, அதாவது இன்றைய கின்ஷாசாவிலிருந்து, பெரிய படகு கொண்டுவர முயன்றதும் அதனால்தான்.

வடகரை:

ஆனால் பிறகு தெரிந்த விஷயம், அந்தப் பெரிய பீரங்கியை ஜெர்மானியர் எடுத்துத் தரைப்படைக்குக் கொடுத்துவிட்டு, மரத்தில் செய்த போலிப் பீரங்கியைக் கோட்சன் மேல் வைத்திருந்தார்கள்! ஜூன் மாதம் பெல்ஜியக் கடல்விமானங்கள் குண்டு வீசியபோதும் அது போலியாகவே இருந்தது. ஸ்பைசர்-சிம்சன் அதைக் கண்டுபிடித்திருந்தால்?

நங்கூரம்:

பிப்ரவரியில் அந்தப் பீரங்கி அசலாக இருந்தது. எடுத்தது பின்னால். ஆக, பிப்ரவரி முடிவை ஜூன் நிலவரத்தை வைத்துக் குறை சொல்லக்கூடாது. ஜூனில் அவர் தயங்கியதற்கு வேண்டுமானால் கேள்வி கேட்கலாம். ஜூன் மாதம் தெற்கே பிஸ்மார்க்பர்கில், ஃபிஃபியும் மற்றப் படகுகளும் நின்றிருந்தும், கோட்டையிலிருந்த ஜெர்மானியர் தோணிகளில் தப்பிவிட்டார்கள். பின்னால் பார்த்தால் அங்கேயும் பீரங்கிகள் மரத்தால் செய்தவைதான். அதற்குத் தரைப்படை அதிகாரிகள் அவரைக் கடுமையாகத் திட்டினார்கள். அதில் நியாயம் இருக்கிறது என்பது என் கருத்து. இரண்டு சண்டைகளில் காட்டிய துணிச்சல் அங்கே இல்லை.

கல்யாணி_மதுரை:

வடகரை அவர்களும் சாரும் ஒரே ஆளின் இரண்டு பக்கங்களைச் சொல்கிறீர்கள் என்று தோன்றுகிறது. வகுப்பில் இதை இப்படியே சொன்னால் பிள்ளைகள் தாங்களே விவாதிப்பார்கள். பிப்ரவரி, ஜூன் இரண்டையும் தனித்தனி வரைபடமாகப் போட்டுக் காட்டப்போகிறேன்.

பாலைத்திணை:

டான்சானியாவில் வேலை பார்த்தவன், இந்த இழையைக் கண்டதும் மகிழ்ச்சி. கோட்சனின் கதையை முடித்துவைக்கிறேன். 1916 ஜூலை 26 அன்று ஜெர்மானியர் கிகோமாவிலிருந்து பின்வாங்கும்போது அதை மூழ்கடித்தார்கள். மூழ்கடிப்பதற்கு முன்னால் அதைக் கட்டிய பொறியாளர்கள் எஞ்சின் பாகங்களுக்கெல்லாம் கெட்டியாகக் கிரீஸ் பூசிவிட்டார்கள், திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று. பெல்ஜியர் தூக்கினார்கள், மறுபடி மூழ்கியது. கடைசியில் 1924 மார்ச்சில் ஆங்கிலேயர் தூக்கினார்கள். 1927 மே முதல் லியெம்பா என்ற பெயரில் பயணிகள் கப்பலாக ஓடியது.

கிகோமாவில் அந்தக் கப்பலைப் பார்த்திருக்கிறேன். அப்போது கிழக்குக்கரையில் வழியில் துறையே கிடையாது. கப்பல் நடு ஏரியில் நின்று சங்கு ஊதும். கரையிலிருந்து பத்துப் பதினைந்து மரப் படகுகள் துடுப்புப் போட்டு ஓடிவரும். கோழிக்கூடை, நெத்திலி மாதிரி இருக்கும் தகா மீன் மூட்டை, அன்னாசி, தொட்டில் பிள்ளை, எல்லாம் கைமாறி மேலே ஏறும். இறங்குபவர் படகின் விளிம்பில் காலை வைத்துக் காத்திருந்து, அலை தூக்கும் நேரம் பார்த்துத் தாவுவார். எனக்கு அப்போது இந்தப் போர் பற்றி ஒன்றும் தெரியாது. இப்போது யோசித்தால், கரையில் சாலை இல்லாததால் ஏரிதான் வழி என்று நங்கூரம் அண்ணா முதல் பதிவில் சொன்னது எவ்வளவு உண்மை என்று புரிகிறது. ஒரு மூட்டை மீனுக்கே கப்பல் வேண்டியிருக்கிறது, பட்டாளத்துக்கு வேண்டாமா?

எஞ்சின்_அறை:

கிரீஸ் பூசிய அந்தப் பொறியாளர்களுக்கு என் வணக்கம். தன் கையால் ஒட்டிய எஞ்சினை மூழ்கடிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அழிக்கச் சொல்லி உத்தரவு, அவர்கள் காப்பாற்றிவைத்தார்கள். எட்டு வருஷம் தண்ணீரில் கிடந்ததை எடுத்துத் துடைத்து ஓட்டினார்கள் என்றால், பூசியவர் ஒவ்வொரு மூட்டையும் தேய்த்துத் தேய்த்துப் பூசியிருக்கிறார். அது நன்னீர் ஏரி என்பதும் உதவியிருக்கும். கடல்நீர் என்றால் இந்நேரம் துருதான்.

தேரிமணல்:

ஸ்பைசர்-சிம்சன் பிறகு என்ன ஆனார்?

நங்கூரம்:

பதக்கம் கிடைத்தது, பெல்ஜியரும் கொடுத்தார்கள். ஆனால் மறுபடி ஒரு போர்க் கட்டளைப் பொறுப்பு அவருக்குத் தரப்படவில்லை. ஏரிக்கரையில் வாழ்ந்த ஹோலோஹோலோ மக்கள் அவரைப் போல மண்ணில் உருவம் செய்து வைத்தார்கள் என்று சொல்வார்கள். அந்த மக்கள் தங்கள் பார்வையில் இந்தப் போரை எப்படிச் சொல்லிக்கொண்டார்கள் என்று யாராவது சேகரித்திருந்தால் படிக்க ஆசை.

வடகரை:

நங்கூரம், இன்னொரு ஏரியில் இதற்கு முன்பே ஒரு சம்பவம் நடந்தது அல்லவா, நயாசாவில்? ஆங்கிலேயரின் க்வெண்டோலன், ஜெர்மானியரின் ஹெர்மான் ஃபான் விஸ்மான். இரண்டு கேப்டன்களும் சேர்ந்து குடிக்கும் நண்பர்கள். 1914 ஆகஸ்டில் க்வெண்டோலனின் கேப்டன் ரோட்ஸ் வந்து ஒரு குண்டு போட்டார். கரையில் பழுதுபார்க்க ஏற்றியிருந்த கப்பலின் கேப்டன் பெர்ன்ட் சின்னப் படகில் துடுப்புப் போட்டு வந்து, குடித்திருக்கிறாயா என்று சத்தம் போட்டார். போர் தொடங்கிய செய்தியே அவருக்கு வந்திருக்கவில்லை. அதை ஒரு தனி இழையாகத் தொடங்கட்டுமா?

நங்கூரம்:

தொடங்குங்கள் வடகரை. க்வெண்டோலனின் பீரங்கி பற்றி எஞ்சின்_அறை ஐயாவுக்குச் சொல்ல நிறைய இருக்கும். அந்த இழையில் சுட்டவர்களோடு சுமந்தவர்களையும் முதல் பதிவிலேயே சேர்த்துவிடுங்கள், தேரிமணலும் நானும் உதவுகிறோம்.